ஒருவர் குறைந்தால்

சீட்டாட்டத்தில் தோற்றவன் கையில் வந்த சீட்டைத் திட்டுவான். ரம்மி ஆடுகிறவர்களானாலும் சரி, இருபத்தெட்டு ஆடுகிறவர்களானாலும் சரி, இந்த ஒரு சௌகரியத்தை விட்டுக்கொடுக்கச் சம்மதிக்கமாட்டார்கள். சீட்டு ஊருக்கெல்லாம் பொது. கலைத்துப் போட்டவன் கையில் நம் தலையெழுத்து. நாம் என்ன செய்ய முடியும்? நான் இங்கே பேசப்போகிற ஆட்டத்தில் இந்தச் சௌகரியம் பாதிக்கு மேல் பறிபோய்விடுகிறது. இதில் ஆடுகிறவனே உட்கார்ந்து, இருக்கிற சீட்டுகளிலிருந்து பொறுக்கித் தன் கட்டைச் சேர்த்துக்கொள்கிறான். ஆகவே தோல்வி வந்தால், விதியைத் திட்டுவதற்கு முன் தான் பொறுக்கிய லட்சணத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆட்டத்தின் பெயர் 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்: த கார்ட் கேம்'. அமெரிக்காவில் ஃபேண்டஸி ஃப்ளைட் கேம்ஸ் என்ற நிறுவனம் 2011இல் வெளியிட்டது. அமைத்தவர் நேட் ஃப்ரெஞ்ச். டோல்கீனின் நாவல் உலகம்தான் களம். இதில் ஆடுகிறவர்களுக்குள் போட்டி இல்லை. எல்லோரும் ஒரே கட்சி. எதிரே இருப்பது ஆள் அல்ல, ஒரு சீட்டு அடுக்கு. அதிலிருந்து ஓர்க்குகளும் சிலந்திகளும் இருட்டுக் குகைகளும் ஒவ்வொன்றாகப் புறப்பட்டு வரும். தனியாளாகவும் ஆடலாம். எங்கள் வீட்டில் என் அக்கா மகன் கொண்டுவந்து வைத்த பெட்டி இது. அவன் கூட்டத்தோடு ஆடுவான், நான் பெரும்பாலும் இரவில் தனியாக ஆடுவேன். இந்த வித்தியாசம் பின்னால் முக்கியமாகப் போகிறது.

விதிகளை முழுக்கச் சொல்லி வாசகர்களைத் தூங்கவைக்க உத்தேசமில்லை. இவ்வளவு தெரிந்தால் போதும். ஒவ்வொருவரும் மூன்று வீரர்கள் வரை வைத்துக்கொள்ளலாம். கட்டில் குறைந்தது 50 சீட்டு. ஒரே பெயர்ச் சீட்டு 3க்கு மேல் கூடாது. தலைமை, போர், ஆன்மா, அறிவு என்று நான்கு துறைகள். வீரர் ஒவ்வொருவரும் ஒரு துறையைச் சேர்ந்தவர். சுற்றுக்கு ஒரு வில்லை சம்பாதித்துத் தருவார். போர்த் துறைச் சீட்டைப் போர் வீரன் சம்பாதித்த வில்லையால்தான் வாங்க முடியும். எதிரடுக்கிலிருந்து வந்த சீட்டுகளின் அபாயத்தைக் கூட்டிப் பார்த்து, நம் ஆட்களின் மனவுறுதி அதைத் தாண்டினால் கதை நகரும். தாண்டாவிட்டால் குறைந்த அளவுக்கு நம் அபாய எண் ஏறும். எண் 50ஐத் தொட்டால் ஆட்டம் முடிந்தது.

பெட்டியில் மூன்று கதைகள். வெளியிட்டவர்களே கடினத்துக்கு மதிப்பெண் போட்டிருக்கிறார்கள்: முதல் கதைக்கு 1, இரண்டாவதற்கு 4, மூன்றாவதற்கு 7. அந்த மூன்றாவதுதான் 'எஸ்கேப் ஃப்ரம் டோல் குல்டூர்'. இருள் மந்திரவாதியின் கோட்டையிலிருந்து ஒருவரை மீட்டுக்கொண்டு தப்ப வேண்டும். ஆட்டம் தொடங்குமுன்னே நம் வீரர்களில் ஒருவரைக் குலுக்கிப் போட்டு எடுத்துக் கவிழ்த்துவிடுகிறார்கள். அவர்தான் கைதி. மீட்கும்வரை சம்பாதிக்கமாட்டார், சண்டை போடமாட்டார், எதற்கும் உதவமாட்டார். இது ஒன்று. வரைபடம், பந்தம், சாவி என்று மூன்று பொருள்களைக் கைப்பற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரடுக்கிலிருந்து ஒரு சீட்டு காவல். இது இரண்டு. எத்தனை பேர் ஆடினாலும் சரி, எல்லோருமாகச் சேர்ந்து சுற்றுக்கு ஒரே ஒரு துணைவரைத்தான் கையிலிருந்து இறக்கலாம். இது மூன்று.

அநியாயம் என்று சொல்லாதவர் இல்லை. நானும் அநியாயம் என்றுதான் சொல்கிறேன். ஆனால் அநியாயம் எந்த விதியில் இருக்கிறது என்பதில் எனக்கு வேறு அபிப்பிராயம். நால்வர் ஆடினால் வீரர்கள் 12 பேர். ஒருவர் சிறைக்குப் போனால் மீதி 11. சுற்றுக்கு 11 வில்லை சேர்கிறது, இறக்கலாமென்றால் நாலு பேருக்கும் சேர்த்து ஒரு துணைவர்! கையில் பணம் வைத்துக்கொண்டு கடை பூட்டியிருக்கிற தெருவில் நிற்கிற மாதிரி. தனியாக ஆடுகிறவனுக்கோ மூன்றில் ஒருவர் போனால் மீதி இரண்டே பேர். சுற்றுக்கு 2 வில்லை. அதில் ஒரு நல்ல துணைவரை வாங்குவதற்கே இரண்டு சுற்று ஆகும். "ஒன்றுக்கு மேல் கூடாது" என்ற தடை அவன் காதில் விழவே போவதில்லை. ஆக, சிறை தனியாளை நசுக்குகிறது, துணைவர் தடை கூட்டத்தை நசுக்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டுகிற மாதிரி ஆசிரியர் யோசித்துத்தான் வைத்திருக்கிறார். ஆனால் அந்த மூன்று காவல் சீட்டுகள் இருக்கின்றனவே, அவை ஒருவர் ஆடினாலும் மூன்றுதான், நால்வர் ஆடினாலும் மூன்றுதான். கணக்கு அங்கேதான் பிசகிவிட்டது. முதல் சீட்டை எடுக்குமுன்பே தனியாளுக்கு எதிரே மூன்று சீட்டு உட்கார்ந்திருக்கிறது. ஆசிரியரின் மேல் எனக்குள்ள புகார் இந்த ஒன்றுதான். 2022இல் வந்த திருத்திய பதிப்பிலும் இதே மூன்றாம் கதை இருக்கிறது.

இனி கட்டு சேர்க்கும் விஷயம். பெட்டியைத் திறந்த எவருக்கும் முதலில் வருகிற ஆசை, பெயர்பெற்ற மூவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது. தலைமைக்கு அரகோர்ன், போருக்கு கிம்லி, ஆன்மாவுக்கு எயோவின். நாவலைப் படித்தவனுக்கு இதைவிட அழகான கூட்டணி கிடைக்காது. முதல் கதைக்கு இது போதும். டோல் குல்டூரில் இந்தக் கூட்டணி கதவைத் தாண்டாது. மூன்று துறையில் ஒரு துறைக்கு ஒருவர் என்றால், யார் சிறைக்குப் போனாலும் அந்தத் துறைச் சீட்டுகளெல்லாம் செத்த சீட்டுகள். எந்தச் சீட்டு சாகும் என்பது மட்டும்தான் குலுக்கலில் தெரியும், சாவது நிச்சயம். இரண்டு துறையாகக் கட்டி ஒன்றில் இருவர், ஒன்றில் ஒருவர் என்று வைத்தால், அந்த ஒற்றை ஆள் சிறைக்குப் போக மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. மூவரும் ஒரே துறையானால் அந்தப் பயமே இல்லை. ஆகவே ஒரே துறை. அதிலும் ஆன்மா. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இதோடு விஷயம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறவர்கள் உண்டு. முடியவில்லை. பெட்டியிலேயே ஆன்மாத் துறைக்கு மூன்று வீரர்கள் இருக்கிறார்கள்: எயோவின், எலனோர், டூன்ஹியர். மூவரையும் வைத்தால் தொடக்க அபாய எண் 9, 7, 8 ஆக 24. குறைவான எண், நல்லதுதான். ஆனால் மனவுறுதியைப் பாருங்கள். எயோவினுக்கு 4, மற்ற இருவருக்கும் ஆளுக்கு 1. குலுக்கலில் எயோவின் பெயர் வந்துவிட்டால் மிஞ்சுவது 2. சம்பாதிக்கிறவர் ஒருவர், மற்றவர்கள் சாப்பிடுகிறவர்கள் என்ற குடும்பத்தில் அந்த ஒருவர் படுத்துவிட்டால் என்ன ஆகும்? அதேதான். துறை ஒன்றாக இருந்தால் போதாது, பாரமும் மூவர் தோளிலும் பரவியிருக்க வேண்டும்.

பின்னால் வந்த பொட்டலங்களில் இதற்கு வழி கிடைக்கிறது. 2011இல் வந்த ஃப்ரோடோவும் 2012இல் வந்த க்ளோர்ஃபிண்டலும் ஆன்மாத் துறைதான். எயோவினோடு இவர்களைச் சேர்த்தால் தொடக்க எண் 21. மனவுறுதி 4, 3, 2 ஆக 9. எயோவின் போனால் 5, க்ளோர்ஃபிண்டல் போனால் 6, ஃப்ரோடோ போனால் 7. எவர் போனாலும் அடுப்பு எரியும். வாளுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். க்ளோர்ஃபிண்டலைத் தவிர மற்ற இருவருக்கும் தாக்கும் பலம் ஆளுக்கு 1. உண்மைதான். ஆனால் ஆட்டத் தொடக்கத்தில் சிறைக்குப் போகக்கூடியவர்கள் வீரர்கள் மட்டுமே. கட்டுக்குள் இருக்கிற துணைவர்களை எந்தக் காவலாளியும் தொட முடியாது. ஆகவே மனவுறுதியை வீரர்களிடமும் வாளைத் துணைவர்களிடமும் ஒப்படைக்க வேண்டும்.

அந்தத் துணைவர்களில் தலையானவர் காண்டால்ஃப். விலை 5 வில்லை. வந்த சுற்றின் முடிவில் போயும்விடுவார். ஆனால் அவர் எந்தத் துறையையும் சேராதவர். எந்த வில்லையாலும் அழைக்கலாம். வந்து இறங்கும்போது மூன்றில் ஒரு காரியம் செய்வார்: 3 சீட்டு எடுத்துக்கொடுப்பார், அல்லது ஓர் எதிரிக்கு 4 அடி கொடுப்பார், அல்லது நம் அபாய எண்ணில் 5 குறைப்பார். மூன்று பிரதியும் கட்டில் இருக்க வேண்டியது என்று நான் நினைக்கிறேன். கூட்டமாக ஆடுகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. தலைமைத் துறையில் 'ஸ்னீக் அட்டாக்' என்று ஒரு சீட்டு, விலை 1. கையில் இருக்கும் துணைவர் ஒருவரைத் திடீரென்று களத்தில் கொண்டுவந்து வைத்து, அந்தக் கட்டம் முடிந்ததும் கைக்கே திருப்பி எடுத்துக்கொள்ளலாம். இதில் ஒரு வார்த்தை நுணுக்கம். கோட்டையின் தடை, துணைவரை விலை கொடுத்து 'ஆடுவதற்கு'த்தான். இந்தச் சீட்டோ அவரை 'வைக்க'ச் சொல்கிறது. ஆகவே தடை இவரைக் கட்டுப்படுத்தாது. ஒரு வினைச்சொல்லில் ஒரு கோட்டையே திறந்துகொள்கிறது! எழுதுகிறவனுக்கு இதைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்காதா?

ஆன்மாத் துறை ஏன் என்று சொல்வதாகச் சொன்னேன். காரணம் இரண்டு சிறு சீட்டுகள், இரண்டுக்கும் விலை 1. 'எ டெஸ்ட் ஆஃப் வில்' என்பது எதிரடுக்கிலிருந்து புறப்பட்ட சீட்டு வந்தவுடன் செய்கிற கெடுதலைத் தடுத்துவிடும். 'ஹேஸ்டி ஸ்ட்ரோக்' என்பது நிழற்பலனைத் தடுக்கும். இது டோல் குல்டூரில் உயிர் காக்கும் சீட்டு. கைதியை மீட்ட கணத்திலேயே நாஸ்கூல் என்ற கறுப்பு அரக்கன் களத்தில் வந்து நிற்பான். தாக்கும்போது அவனுக்கு ஒரு நிழற்சீட்டு கொடுக்கப்படும். அதன் பலன் நடந்துவிட்டால் நம் ஆட்களில் ஒருவரை நாமே தேர்ந்து தூக்கி எறிய வேண்டும். யாரையோ மீட்க வந்து, மீட்டவரையே எறிந்துவிட்டு நின்ற இரவுகள் எனக்குண்டு. பலனைத் தடுத்துவிட்டால் அந்தத் தண்டனையும் இல்லை. அவனுக்கு உயிர் 9, தற்காப்பு 3. காண்டால்ஃப் இறங்கும்போது கொடுக்கும் 4 அடி தற்காப்பைப் பார்க்காது. இரண்டு தடவை இறங்கினால் 8. வலை வீசிக் கட்டலாமா என்றால், அவன் மேல் எந்தச் சீட்டையும் மாட்டக்கூடாது என்று அவன் சீட்டிலேயே எழுதியிருக்கிறது.

மூன்று பொருள்களைச் சுமப்பதிலும் யோசனை வேண்டும். வரைபடத்தைச் சுமக்கிறவர் தாக்கவும் தடுக்கவும் முடியாது. சண்டைக்குப் போகாத எயோவினிடம் அதைக் கொடுத்தால் நஷ்டமில்லை. பந்தம் யாரிடம் இருந்தாலும் சுற்றுக்கு 2 எண் ஏற்றும். சாவிதான் பொல்லாதது, சுமக்கிறவருக்குச் சுற்றுக்கு ஒரு காயம். ஃப்ரோடோவுக்கு உயிரே 2. ஆனாலும் சாவியை அவரிடம்தான் கொடுக்கச் சொல்வேன். தனக்கு வருகிற காயத்தை அபாய எண்ணாக மாற்றிக்கொள்ளும் குணம் அவருக்கு இருக்கிறது. சுற்றுக்கு 1 எண் ஏறும், ஆள் சாகமாட்டார். டோல்கீனைப் படித்தவர்களுக்கு இங்கே ஒரு ஞாபகம் வரும். இதே டோல் குல்டூர் சிறையில்தான் குள்ளர் தலைவன் த்ரெய்னைக் கண்டு, காண்டால்ஃப் ஒரு வரைபடத்தையும் சாவியையும் வாங்கிக்கொள்கிறார். ஆட்டத்தில் வரைபடத்துக்குக் காண்டால்ஃபின் பெயரையே வைத்திருப்பது சும்மா இல்லை.

ஒரு கதைக்காகவே கட்டைத் திருத்தி எடுத்துக்கொண்டு போவது மோசடி, நல்ல கட்டு எந்தக் கதையையும் தாங்க வேண்டும் என்று சொல்கிற ஒரு கட்சி உண்டு. அவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு, சம்மதம் இல்லை. ராஜபார்ட் வேஷத்தோடு வந்து யாரும் கள்ளபார்ட் ஆடுவதில்லை. தோற்ற ஆட்டத்தைத் திரும்ப நினைத்துப் பார்த்து, எந்தச் சீட்டு எந்தச் சுற்றில் கையில் சும்மா கிடந்தது என்று கண்டுபிடித்து, அதை எடுத்துவிட்டு வேறொன்று வைக்கிற வேலை இருக்கிறதே, ஆட்டத்தில் பாதி ருசி எனக்கு அதில்தான். நாவலில் யாரைச் சிறையில் போடுவது என்று ஆசிரியன் தீர்மானித்துக்கொண்டு, அதற்குத் தகுந்தாற்போல் மற்றதையெல்லாம் அமைத்துக்கொள்ளலாம். இங்கே அது தெரியாமலே அமைக்க வேண்டும். மூன்று பேருக்கும் மூன்று கதை எழுதி வைத்துவிட்டு எது அச்சாகும் என்று காத்திருக்கிற மாதிரி.

இத்தனைக்குப் பிறகும், தனியாக ஆடுகிறவன் ஜெயித்தே தீருவான் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். மூன்று காவல் சீட்டில் ஒன்றாக 'அன்கோலியன்ட்ஸ் ஸ்பான்' என்ற பெரிய சிலந்தி வந்து உட்கார்ந்தால் அது ஒன்றுக்கே அபாயம் 3. அன்றைக்கு எயோவினும் சிறையிலிருந்தால் நம் மனவுறுதி 5தான். மற்ற இரண்டு காவலையும், அந்தச் சுற்றுக்கு வரும் புதுச் சீட்டையும் எதைக் கொண்டு சமாளிப்பது? அப்படி விழுந்தால் காவல் சீட்டுகளை அடுக்கில் திரும்பச் சேர்த்துக் கலைத்து, மறுபடி வைத்து ஆடுவது என் வழக்கம். மூன்றும் மூன்றுதான் என்று பிடிவாதம் பிடித்த ஆசிரியருக்கு நான் எழுதுகிற சின்னத் திருத்தம் அது. என் அக்கா மகன் இதை ஒப்புக்கொள்வதில்லை. விழுந்தது விழுந்தபடி ஆட வேண்டும் என்கிறான். அவன் நாலு பேரோடு ஆடுகிறவன்.