பதினாறு கட்டங்கள்

பழைய ஃப்ரூட்டிலூப்ஸைத் திறந்ததும் வேகம் 140 என்று நிற்கும். எதிரே 16 கட்டங்கள். 2000களின் தொடக்கத்தில் கிழக்கு லண்டன் பையன்கள் பலர் கிரைம் இசையை (குற்றம் இல்லை, அழுக்கு) இதில்தான் செய்தார்கள். அதன் வேகமும் ஏறக்குறைய 140. ‘பார்த்தியா, மென்பொருள்தான் இசையைத் தீர்மானிக்குது’ என்று நண்பர்கள் மடக்குவார்கள். எனக்கு அது பாதி உண்மைதான். இதே மென்பொருளில்தான் அமெரிக்காவில் லெக்ஸ் லூகர் டிராப் செய்தார். அங்கே தாளத்தைப் பாதியாக எண்ணி நிதானமாக நடக்கிறார்கள். லண்டனில் மூச்சு வாங்காமல் ஓடுகிறார்கள். அந்த ஓட்டம் உரிமமில்லாத வானொலிகளில் மைக்குக்கு முண்டியடித்தவர்களிடமிருந்து வந்தது. கட்டங்களிலிருந்து இல்லை.

மீதிப் பாதிதான் என்னை உறுத்துகிறது. போன வருடம் உறுமியைப் பதிவுசெய்து அந்தக் கட்டங்களில் அடுக்கினேன். வளைந்த குச்சி தோலை உரசும் இழுவை இரண்டு கட்டங்களுக்கு நடுவே போய் விழுந்தது. கட்டத்தைத் தளர்த்த வழி இருக்கு, தெரியும். நான் உறுமியை வெட்டினேன். பாட்டு நல்லாத்தான் வந்திருக்கு. திருவிழாக்களில் உறுமி வாசிக்கும் மாமா முழுசாகக் கேட்டுவிட்டு, ‘இதுல உறுமி எங்கடா?’ என்றார்.