கேரி ஆன்: கற்பிக்கப்பட்ட பகை

கேரி ஆன், அமெரிக்க எழுத்தாளர் ரெயின்போ ரோவெல் ஆங்கிலத்தில் எழுதிய மிகைபுனைவு நாவல். பதின்ம வயது வாசகர்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட இந்நூல் 2015-ஆம் ஆண்டு வெளிவந்தது. இங்கிலாந்தில் உள்ள ஒரு மந்திரப் பள்ளியில் ஒரே அறையில் தங்கிப் படிக்கும் இரண்டு மாணவர்கள் பகைவர்களாக இருந்து காதலர்களாக மாறுவதே இதன் கதை. இதன் தொடர்ச்சியாக வேவர்டு சன் (2019), எனி வே தி விண்ட் ப்ளோஸ் (2021) ஆகிய இரு நாவல்கள் வந்தன.

நாவலின் பின்னணி

ரோவெல் 2013-இல் வெளியிட்ட ஃபேன்கேர்ள் என்ற நாவலில் கேத் என்னும் கல்லூரி மாணவி வருகிறாள். அவள் சைமன் ஸ்னோ என்ற புகழ்பெற்ற மந்திரக் கதை வரிசையின் ரசிகை. அந்த வரிசையும் அதன் ஆசிரியரும் ரோவெலின் கற்பனையே. மூலக்கதையில் பகைவர்களாக இருக்கும் சைமனையும் பாஸையும் காதலர்களாக்கிக் கேத் ரசிகர் புனைவு எழுதுகிறாள். அந்த இரு பாத்திரங்களையும் எடுத்துக்கொண்டு ரோவெல் தம் போக்கில் எழுதிய தனி நாவலே கேரி ஆன்.

ஹாரி பாட்டர் வரிசையின் சாயல் இதில் வெளிப்படையாகவே உண்டு. தீமையை வெல்வதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட அனாதைச் சிறுவன், அவனை வழிநடத்தும் பள்ளித் தலைவர், அறிவுக்கூர்மை மிக்க தோழி, உயர்குடியில் பிறந்த எதிரி என எல்லாரும் இருக்கிறார்கள். கதை பள்ளியின் கடைசி ஆண்டில் தொடங்குகிறது. முந்தைய ஆண்டுகளின் சாகசங்களைப் பாத்திரங்களின் நினைவுகள் வழியாகவே வாசகர் அறிகிறார்.

கதைச்சுருக்கம்

சைமன் ஸ்னோ குழந்தைகள் காப்பகங்களில் வளர்ந்தவன். பதினோரு வயதில் அவனுடைய அளவற்ற மந்திர ஆற்றல் வெளிப்படுகிறது. மேஜ் எனப்படும் பள்ளித் தலைவர் அவனை வாட்ஃபோர்டு பள்ளிக்கு அழைத்து வந்து தம் வாரிசாக அறிவிக்கிறார். அவனோடு ஒரே அறையில் தங்குபவன் பாஸ் பிட்ச். அவன் மேஜை எதிர்க்கும் பழைய குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவன். ஐந்து வயதில் இரத்தக்காட்டேரி கடித்ததால் தானும் இரத்தக்காட்டேரி ஆனவன். பள்ளியின் முன்னாள் தலைவியான அவன் தாய் அந்தத் தாக்குதலில்தான் இறந்தார்.

இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை இறந்தவர்கள் உயிருடன் இருப்போரைக் காண வரலாம் என்பது இந்த உலகின் நியதி. அவ்வாறு வரும் பாஸின் தாய் மகனைக் காணாமல், அறையில் இருந்த சைமனிடம் செய்தி சொல்லிச் செல்கிறார். தாயின் கொலைக்குக் காரணமானவரைக் கண்டுபிடிக்கும்வரை சண்டை வேண்டாம் என்று இருவரும் உடன்படுகிறார்கள். கதையின் திருப்பம் அந்த உடன்படிக்கையில் தொடங்குகிறது.

பகையும் சொல்லும்

இந்நாவலில் மந்திரங்கள் பழமையான இரகசிய மொழியில் இல்லை. சாதாரண மக்கள் அன்றாடம் சொல்லும் மரபுத்தொடர்கள், குழந்தைப் பாடல்கள், பிற பாடல் வரிகள் ஆகியவையே மந்திரங்கள். பலர் பலமுறை சொல்வதால்தான் ஒரு சொல்லுக்கு ஆற்றல் கிடைக்கிறது. மக்கள் அதை மறந்துவிட்டால் மந்திரமும் வலுவிழக்கிறது.

நாவலில் பகை செயல்படும் விதமும் இதுவே. சைமனும் பாஸும் ஒருவரையொருவர் அறிவதற்கு முன்பே எதிரிகளாக அறிவிக்கப்பட்டவர்கள். ஒருநாள் பாஸைக் கொல்ல வேண்டியிருக்கும் என்று சைமன் நம்புகிறான். சைமன் கையால்தான் தன் முடிவு என்று பாஸ் நம்புகிறான். இந்த நம்பிக்கை அவர்களுடைய அனுபவத்தில் விளைந்ததன்று. சுற்றியிருந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னதால் ஊறியது. பெரியவர்கள் தங்கள் அதிகாரப் போட்டிக்குப் பிள்ளைகளைப் படைவீரர்களாகத் தயார் செய்திருக்கிறார்கள்.

பள்ளியின் விதி ஒன்று இதற்கு எதிராக நிற்கிறது. அறைத் தோழனுக்கு அறைக்குள் தீங்கு செய்பவன் பள்ளியிலிருந்து வெளியேற்றப்படுவான். போருக்குத் தயார் செய்யப்படும் இருவரும் ஆண்டுக்கணக்கில் ஒரே கூரையின் கீழ் அஞ்சாமல் உறங்குவது இந்த விதியால்தான். ஒருவன் எப்போது எழுகிறான், எதற்கு முகம் சுளிக்கிறான் என்பதெல்லாம் மற்றவனுக்குத் தெரியும். ஐந்தாம் ஆண்டில் பாஸ் இரத்தக்காட்டேரி என்று நிரூபிப்பதற்காகச் சைமன் அவன் பின்னாலேயே அலைந்திருக்கிறான். இத்தனை கூர்ந்த கவனத்தை அவன் வேறு யார்மீதும் செலுத்தியதில்லை என்பதை வாசகர் அவனுக்கு முன்பே புரிந்துகொள்கிறார்.

மாற்றத்தின் முக்கியமான கட்டம் பள்ளியை ஒரு டிராகன் தாக்கும் காட்சி. சைமனின் ஆற்றல் அவன் கட்டுக்குள் அடங்காதது; வெடித்துச் சிதறக்கூடியது. அன்று அவன் அதைப் பாஸுக்குள் செலுத்துகிறான். பாஸ் ஒரு குழந்தைப் பாடலைச் சொல்லி, டிராகனைக் கொல்லாமல் திருப்பி அனுப்புகிறான். ஆயுதமாகவே பழக்கப்பட்ட ஆற்றல் முதன்முறையாகப் பகிர்ந்துகொள்ளப்படுகிறது. பின்னால் எரியும் காட்டின் நடுவே நிகழும் முத்தத்துக்கு இந்தக் காட்சியே அடித்தளம்.

இருவரும் ஆண்கள் என்பது கதையின் நெருக்கடியாக வைக்கப்படவில்லை. குலம், கட்சி, இரத்தக்காட்டேரி என்ற முத்திரை ஆகியவையே அவர்களைப் பிரிக்கின்றன. தன்பாலீர்ப்பைத் துயரக் கதையாக மட்டுமே காட்டும் வழக்கத்திலிருந்து நாவல் இவ்வாறு விலகுகிறது.

உண்மையான எதிரி

மேஜ் எளிய வில்லன் அல்லர். குறைந்த ஆற்றல் உடைய பிள்ளைகளுக்கும் பள்ளியின் கதவைத் திறந்துவிட்டவர் அவர். அந்தச் சீர்திருத்தம் நியாயமானது. ஆனால் அதற்காக அவர் ஒரு குழந்தையைக் கருவியாக்குகிறார். பாஸின் தாயைப் பலிகொண்ட தாக்குதலுக்குப் பின்னால் இருந்தவரும் அவரே. மந்திரத்தை விழுங்கும் ஹம்ட்ரம் என்ற தீய சக்தி, சைமன் அளவுமீறி ஆற்றலை இழுத்ததால் ஏற்பட்ட வெற்றிடமே என்பதும் பின்னர் தெரிகிறது. சைமன் அதனுடன் போரிடவில்லை. தன் ஆற்றல் முழுவதையும் அதற்குக் கொடுத்துத் தீர்த்துவிடுகிறான். தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்ற பட்டம் போன பிறகும் பாஸ் அவனுடன் இருக்கிறான். காதலின் உண்மைச் சோதனை முத்தத்தில் அன்றி இங்கேதான் இருக்கிறது.

குறைகள்

நாவல் பல பாத்திரங்களின் தன்மைக் கூற்றாக நகர்கிறது. பாஸ் பேசத் தொடங்கியதும், அவன் நெடுநாளாகவே சைமனைக் காதலித்து வந்தது தெரிந்துவிடுகிறது. ஆகவே பகை காதலாக மாறுவது உண்மையில் சைமனிடம் மட்டுமே நிகழ்கிறது. அவனுடைய மாற்றமோ விரைவாக நடந்துவிடுகிறது. முத்தத்துக்கு முன் அவன் மனம் கடந்த தூரம் போதுமான அளவு எழுதப்படவில்லை. சைமனின் காதலியாக அறிமுகமாகும் அகதா, இந்த மாற்றத்துக்கு வழிவிட ஒதுக்கப்பட்டவளாகவே தோன்றுகிறாள். இறுதிப் போர் அவசரமாக முடிகிறது.

மதிப்பீடு

இக்குறைகளை மீறி நூல் நிற்பதற்குக் காரணம் அதன் முடிவு. சைமன் வென்றவனாக அல்ல, ஆற்றலை இழந்து மனநல ஆலோசகரிடம் செல்லும் இளைஞனாக எஞ்சுகிறான். மேஜ்தான் தன் தந்தை என்பதும் இந்த நாவலில் அவனுக்குத் தெரியவில்லை. வாசகருக்கு மட்டுமே தெரியும். பிள்ளைகளிடம் யாரை வெறுக்க வேண்டும் என்று சொல்லிவைப்பவர்கள் அவர்களிடமிருந்து எதையெல்லாம் பறிக்கிறார்கள் என்பதைக் கேரி ஆன் காட்டுகிறது. சொல்லிக்கொடுத்த பாடத்தை இரண்டு மாணவர்கள் தாங்களாகவே மறக்கக் கற்றுக்கொண்ட கதை என இதை வாசிக்கலாம்.