கருப்பொருளும் களனியாறும்

திணைக் கோட்பாட்டைப் பற்றி அண்மைக் காலத்தில் எழுதுவோருட் சிலர், தொல்காப்பியர் இன்றைய சூழலியலை அன்றே கண்டுரைத்தார் எனப் பெருமிதங் கொள்வர். செர்மானிய அறிஞராகிய எக்கல் அத்துறைக்குப் பெயரிட்டது 1866 இலேயாதலின், நாம் மேலைநாட்டார்க்குப் பல நூற்றாண்டு முந்தியவர் என்பது அன்னார் வாதம். இக்கூற்று எத்துணையளவு பொருந்தும் என ஆராய்தல் தகும். நூல் சொல்வதை அது சொன்ன அளவிற் கொள்வதே திறனாய்வுக்கு அழகு.

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, செய்தி, யாழ் முதலியவற்றைக் கருப்பொருள் என்றார். இவற்றின்மேல் மாந்தர் ஒழுக்கத்தை உரிப்பொருளாக வைத்தார். மனிதனுடைய உணவும் தொழிலும் விலங்கோடும் மரத்தோடும் ஒரே வரிசையில் எண்ணப்பட்டமை வியத்தற்குரியது. மனிதன் நிலத்துக்குப் புறம்பானவன் அல்லன் என்னும் உணர்வு இவ்வைப்பு முறையிலேயே அமைந்து கிடக்கின்றது.

ஆயினும், கருப்பொருள்கள் தம்முள் ஒன்றையொன்று எவ்வாறு சார்ந்துள்ளன என்பதை இலக்கணம் கூறவில்லை. அவை உரிப்பொருளைச் சிறப்பிக்க வந்தவை. நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம் கண்டலையும் சுறாவையும் நெய்தற்கு உரியனவாக வைக்கும். ஆனால் கண்டலுக்கும் சுறாவுக்கும் உள்ள தொடர்பு யாதென அந்நூல் வினவாது. அவ்வினாவே சூழலியலின் தொடக்கம்.

விடையைக் களனியாற்றின் கழிமுகத்திற் காணலாம். சிவனொளிபாத மலைத்தொடரிற் பிறந்து, ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடி, மட்டக்குளிக்கு அருகே இவ்யாறு கடலொடு கலக்கின்றது. இத்தகைய கழிமுகங்களில் வளரும் கண்டலின் உதிர்ந்த இலையை நண்டுகள் கிழித்துண்ணும். எஞ்சியதை நுண்ணுயிர்கள் மட்கச் செய்யும். அம்மட்கை இறாலும் சிறுமீனும் உண்டு வளரும். அவற்றைக் கொக்கும் பெருமீனும் உண்ணும். வேர்களிடையே ஒதுங்கி வளரும் குஞ்சுகளுட் பல பின்னர்க் கடல் புகும். வலைஞனது வாழ்வும் சுறாவின் இரையும் இவ்வாறு ஓர் இலையின் உதிர்வோடு பிணைந்துள்ளன.

திணைகள் மயங்கலாம், நிலங்கள் தம்முள் மயங்குதல் இல்லை என்பது தொல்காப்பியர் வரையறை. செய்யுளுக்கு அது பொருந்தும். கழிமுகமோ நன்னீரும் உவர்நீரும் மயங்குவதனாலேயே வளம் பெறுகின்றது. இலக்கண விதியை இயற்கை விதியெனக் கொள்வோர் இவ்விடத்தில் இடர்ப்படுவர்.

சூழலியலுக்கு மிக அண்மையிற் செல்பவர் என் கருத்தில் இளங்கோவடிகளே. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெட்டவழிப் பாலை தோன்றும் என்பது சிலப்பதிகாரம் காட்டும் கருத்து. நிலம் நிலைத்த பொருளன்று, திரியக்கூடியது என்பதை அது உணர்த்துகின்றது. களனியின் கழிமுகத்துக்கு வடக்கேயுள்ள முத்துராஜவெல ஒரு காலத்தில் நெல் விளைந்த வயல்நிலம். ஒல்லாந்தர் காலத்துக் கால்வாய்களின் வழியே உவர்நீர் புகுந்தமையாற் பயிர் கெட்டது. அந்நீரை வடித்தற்கென ஆங்கிலேயர் 1802 இல் தொடங்கி 1804 இல் முடித்த ஹமில்ற்றன் கால்வாயாலும் வயல் மீளவில்லை. மருதம் திரிந்து சதுப்பாயிற்று. இளங்கோவடிகள் கண்ட திரிபுக்குக் காரணம் ஞாயிறு. இத்திரிபுக்குக் காரணம் மனிதன் கை.

அக்கை இன்றும் ஓய்ந்திலது. கட்டடங்களுக்கென ஆற்று மணலை அகழ்ந்தமையாற் களனியின் படுகை தாழ்ந்தது. நீர் குறைந்த நாட்களில் உவர்நீர் மேலேறி, கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தலை வரை இடர் விளைக்கலாயிற்று. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாடி கட்டுவோர் மணலையும் குடிநீரையும் வேறு வேறு பொருளாக எண்ணுவர். ஆறு அவ்வாறு எண்ணுவதில்லை. 2018 இல் கொழும்பு ராம்சார் உடன்படிக்கையின்கீழ் ஈரநில நகரமென ஏற்கப்பட்டது. அப்பெருமை, எஞ்சிய சதுப்புகளை மண்ணிட்டு நிரப்பாதவரையே நிற்கும்.

ஆகவே, தொல்காப்பியர் சூழலியல் நூல் செய்தார் எனல் மிகை; அவர் நூலிற் சூழலுணர்வே இல்லை எனல் குறை. அவர் தந்தது பொருள்களின் வரிசை. அவற்றிடையே ஓடும் தொடர்பைத் தேடுதல் நம் கடன். கருப்பொருட் பட்டியலைத் தேர்வுக்காக மனனஞ் செய்யும் மாணாக்கர், கண்டலை ஒருமுறையேனும் நேரிற் கண்டு, அதன் வேரடியில் வாழ்வன எவையென எண்ணிப் பார்ப்பாராயின், நெய்தற் பாட்டும் அவர்க்கு முன்னிலும் தெளிவாக விளங்கும்.