சுருதி மாற்றிய செபமாலை

மேலைநாட்டுச் செவ்வியல் இசையில் வயலின் சொனாட்டாக்களைப் பற்றிப் பேச்செழும்போது பாக், மொசார்ட், பீத்தோவன், பிராம்ஸ், பிராங்க் ஆகிய பெயர்களே முதலில் நாவுக்கு வருகின்றன. இவர்கள் அனைவருக்கும் முற்பட்ட ஒருவர், செபமாலையின் பதினைந்து மறையுண்மைகளையும் பதினைந்து சொனாட்டாக்களாக வயலினுக்கு எழுதி வைத்தார் என்பதை இசையார்வம் மிக்க கத்தோலிக்கரிலும் பலர் அறியார். அது சொற்கள் இல்லாத செபமாலை. பாடுவோர் இல்லை; பாடல் வரி இல்லை. ஒரு வயலினும், அதற்குத் துணையாக ஆர்கன் போன்ற கருவி எழுப்பும் கீழ்க்குரலும் மட்டுமே உண்டு. ‘சொனாட்டா’ என்னும் இத்தாலியச் சொல்லுக்கே, பாடப்படுவதன்று, கருவியில் ஒலிக்கப்படுவது என்றுதான் பொருள்.

சொல்லை விட்டுவிட்ட ஓர் ஒலி செபமாக இயலுமா? அல்லது, பக்தியின் பெயரைத் தாங்கி நிற்கும் விரல் வித்தைதானா அது? இப்படைப்பைப் போற்றுவோர் பெரும்பாலும் இக்கேள்வியைக் கேட்காமலே போற்றுகின்றனர். நாம் கேட்டுப் பார்ப்பது நல்லது. ஏனெனில், இதற்கான விடை ஓர் இசைப் படைப்பைப் பற்றியது மட்டுமன்று. நாம் செபமாலையை எவ்வாறு செபிக்கிறோம் என்பதையும் தொட்டு நிற்பது.

இதை இயற்றியவர் ஹைன்ரிக் இக்னாஸ் பிரான்ஸ் பீபர். இன்று செக் நாட்டில் அமைந்துள்ள பொகேமியப் பகுதியின் சிற்றூர் ஒன்றில் 1644ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் திருமுழுக்குப் பெற்றவர். இளமையில் மொராவியாவின் ஒலமூட்ஸ் ஆயரிடம் இசைப்பணி புரிந்தார். 1670இல், புகழ்பெற்ற வயலின் செய்வினைஞரான யாக்கோபு ஸ்டைனரிடம் இசைக்கருவிகள் வாங்கி வருமாறு அனுப்பப்பட்டவர், ஆயரிடம் திரும்பாமலே சால்ஸ்பர்க் பேராயரின் பணியில் சேர்ந்துகொண்டார். 1684இல் அங்கே இசைக்குழுத் தலைவரானார். 1690இல் பேரரசர் முதலாம் லெயோபோல்து அவருக்கு உயர்குடிப் பட்டம் அளித்தார். 1704இல் சால்ஸ்பர்க்கிலேயே இறந்தார். மொசார்ட் அந்நகரில் பிறப்பதற்கு அப்போது இன்னும் ஐம்பத்திரண்டு ஆண்டுகள் இருந்தன.

செபமாலைச் சொனாட்டாக்கள் 1676ஐ ஒட்டி எழுதப்பட்டவை என்பது அறிஞர் கருத்து. பேராயர் மாக்சிமிலியன் காண்டோல்ப் அவர்களுக்குக் காணிக்கையாக்கப்பட்ட அந்த ஏடு, பீபரின் வாழ்நாளில் அச்சேறவில்லை. இன்று அது மியூனிக் நகரின் பவேரிய அரசு நூலகத்தில் உள்ளது. அதன் முகப்புத் தாள் காணாமற் போய்விட்டது. எனவே நூலுக்கு ஆசிரியர் இட்ட பெயர் என்ன என்பதே நமக்குக் கிட்டவில்லை. தனித்தனிச் சொனாட்டாக்களுக்கும் தலைப்பு இல்லை. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஒரு சிறு செப்புத்தகட்டுச் சித்திரம் மட்டும் இருக்கிறது: மங்கள வார்த்தை, எலிசபெத்தைச் சந்தித்தல், பிறப்பு என்று தொடங்கி மரியாவின் மணிமுடி வரை பதினைந்து. இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் உறங்கிய இந்த ஏடு 1905இல் வியன்னாவில்தான் முதன்முதலாக அச்சு வடிவம் கண்டது.

சித்திரத்தைப் பார்த்துவிட்டு இசைக்குள் நுழைபவர் விரைவிலேயே திகைப்படைவார். ஏழாம் சொனாட்டா, இயேசு கற்றூணில் கட்டுண்டு அடிபட்டதற்கு உரியது. அதில் உள்ளவையோ அல்லமாந்து, சரபாந்து என்னும் இரு நடன வடிவங்கள். எட்டாவது, முள்முடி சூட்டப்பட்டதற்கு உரியது; அதிலே ‘ஜிக்’ என்னும் துள்ளல் நடனம். ஒன்பதாவது, சிலுவை சுமந்த வழிக்கு உரியது. அதில் ‘கூராந்து’ என்னும் ஓட்ட நடனம். கல்வாரிக்குச் செல்லும் வழியில் நடனமா என்று பக்தியுள்ள மனம் சுளித்துக்கொள்வது இயல்பே.

அந்தக் காலத்தில் இந்நடன வடிவங்கள் காலால் ஆடுவதற்கென்று மட்டும் இருக்கவில்லை, கருவியிசையின் பொதுமொழியாகவே ஆகிவிட்டிருந்தன என்று வரலாற்றாசிரியர் விளக்கம் தருவர். அது உண்மை, ஆனால் போதாது. பொதுமொழியை விட்டுத் துயரத்துக்கெனத் தனிமொழி ஒன்றைப் பீபர் தேடியிருக்கலாம். அவரால் அது இயலாததன்று. ஒலிவத் தோட்டத்தின் வேதனைக்குரிய ஆறாம் சொனாட்டாவை அவர் ‘புலம்பல்’ என்று பெயரிட்ட பகுதியுடனே தொடங்குகிறார்.

இரண்டாவது இடையூறு இதனினும் பெரிது. 1683இல் துருக்கியப் படை வியன்னாவை முற்றுகையிட்டது; செப்டம்பர் 12ஆம் நாள் அம்முற்றுகை முறியடிக்கப்பட்டது. அவ்வெற்றியைக் கொண்டாடும் சொனாட்டா ஒன்று வியன்னாவிலுள்ள பழைய கையெழுத்துப் படியொன்றில் காணப்படுகிறது. ஆந்திரேயாஸ் அன்டோன் ஷ்மெல்ட்சர் என்பவரின் பெயரைத் தாங்கியது அது. துருக்கியர் வருகை, நகர முற்றுகை, கிறிஸ்தவர்களின் வெற்றி என்று பகுதிதோறும் தலைப்புகள் உள்ளன. ஆனால் இசை யாருடையது? பெரும்பகுதி பீபரின் பத்தாம் சொனாட்டாவே! இயேசு சிலுவையில் உயிர்விட்ட மறையுண்மைக்குரிய அதே இசை, சுரநிலை மாற்றப்பட்டு, சில பகுதிகள் சேர்க்கப்பட்டு, போர்க்கள இசையாகிவிட்டது. ஆணி அறையும் சுத்தியல் என்று ஒருவர் கேட்ட ஒலியை, மற்றொருவர் படையின் ஒலியாகக் கேட்டிருக்கிறார். செபமாலை அன்னையின் திருவிழாவே 1571 அக்டோபர் 7இல் நிகழ்ந்த லெபாந்தோ கடற்போரின் நினைவிலிருந்து எழுந்தது; ஆகவே அக்காலத்தவருக்கு இம்மாற்றம் முரணாகத் தோன்றியிராது. நமக்கு அது முரணாகத் தோன்றுகிறது, தோன்றவும் வேண்டும்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. சுரங்களின் வரிசைக்குள் ஒரு குறிப்பிட்ட மறையுண்மை பூட்டி வைக்கப்பட்டிருக்கவில்லை. ‘இது சாட்டையின் ஒலி, இது நிலநடுக்கம், இது வானதூதரின் சிறகசைவு’ என்று விரல் நீட்டிக் காட்டும் விளக்கங்கள் ஓரளவுக்கு மேல் நம்மை அழைத்துச் செல்வதில்லை. படத்தை எடுத்துவிட்டு வேறு படத்தை ஒட்டினால் அவ்விளக்கங்கள் குடை சாய்ந்துவிடுகின்றன. அப்படியாயின் இப்படைப்பின் செபம் எங்கே இருக்கிறது?

செபமாலையின் அமைப்பையே சற்று எண்ணிப் பார்ப்போம். அதில் மாறுவது எது, மாறாதது எது? மங்கள வார்த்தை செபம் மாறுவதில்லை. வானதூதர் மரியாவுக்குச் சொன்ன வாழ்த்தே அதன் தொடக்கம். அது மகிழ்ச்சியின் வாழ்த்து. அந்த வாழ்த்தையேதான் நாம் பெத்லகேமின் குடிலிலும் சொல்கிறோம். கற்றூணருகிலும், கல்வாரியிலும் சொல்கிறோம். துயர மறையுண்மைகளுக்கெனத் தனியாக ஓர் அழுகைச் செபத்தைத் திருச்சபை நம் கையில் தரவில்லை. உதடு பழகிய சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்க, உள்ளம் வேறொரு காட்சியின் முன் நிற்கிறது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று உரசும் இடத்திலேதான் செபமாலை உயிர் பெறுகிறது.

பீபர் இதை உணர்ந்திருந்தார் என்றே நாம் கொள்கிறோம். அவருடைய நடனங்களும், ஒரே அடிப்படையைத் திரும்பத் திரும்ப எடுத்து மேலே புதுப்புது வடிவங்களைப் பின்னும் வேறுபாட்டு வரிசைகளும் இசையின் மங்கள வார்த்தைகள். அவை எல்லா மறையுண்மைகளுக்கும் பொதுவானவை, கைபழகியவை. கற்றூணின் முன்னே சரபாந்து ஒலிப்பது அவமதிப்பன்று. மகிழ்ச்சியின் வாழ்த்தை நாம் அங்கே சொல்வது எவ்வாறு அவமதிப்பன்றோ, அவ்வாறே இதுவும்.

மாறாதது இது, மாறுவது எது? இங்கேதான் இப்படைப்பின் தனிச்சிறப்பு வெளிப்படுகிறது. வயலினின் நான்கு தந்திகளுக்கும் மரபான சுருதி ஒன்று உண்டு. முதற் சொனாட்டா அச்சுருதியிலேயே அமைந்தது. இரண்டாவது தொடங்கிப் பதினைந்தாவது வரை, ஒவ்வொரு சொனாட்டாவுக்கும் தந்திகளின் சுருதியை மாற்றிக் கட்டச் சொல்கிறார் பீபர். பதினான்கு மறையுண்மைகள், பதினான்கு வெவ்வேறு சுருதிகள். இம்முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் இத்துணை முழுமையாக அதைக் கையாண்ட மற்றொரு படைப்பு இல்லை எனலாம்.

ஆறாம் சொனாட்டாவை எடுத்துக்கொள்வோம். அங்கே கீழ்த்தந்திகள் இரண்டும் சற்றே மேலே முறுக்கப்படுகின்றன. மேல்தந்திகள் இரண்டும் கீழே தளர்த்தப்படுகின்றன. அதனால் வயலினின் இயல்பான ஒளி மங்கி, தொண்டை அடைத்தது போன்ற குரல் பிறக்கிறது. இரத்த வியர்வையை எந்தச் சுரமும் வரைந்து காட்டவில்லை. கருவியின் உடலே வேதனைக்கு உள்ளாகியிருக்கிறது. பதினோராம் சொனாட்டாவோ உயிர்ப்புக்கு உரியது. அதில் நடுத்தந்திகள் இரண்டும் இடம் மாற்றிக் கட்டப்படுகின்றன. குதிரைக்குப் பின்புறம் அவை ஒன்றையொன்று குறுக்கே கடந்து செல்வதால், அங்கே கண்ணுக்குத் தெரியும் சிலுவை ஒன்று உருவாகிறது. கேட்போருக்கு அது தெரியாது, வாசிப்பவருக்குத் தெரியும். அச்சிலுவையைத் தாங்கிய கருவியில், பழைய உயிர்ப்புப் பாடல் ஒன்றின் மெட்டு ஒரே சுரத்தின் மேல்நிலையும் கீழ்நிலையும் சேர்ந்தொலிக்கும் முழக்கமாக எழுகிறது. சிலுவையின்றி உயிர்ப்பில்லை என்னும் மறையுரையை இதனினும் சுருக்கமாக யார் ஆற்ற முடியும்?

இன்னுமொன்று. சுருதி மாறிய இச்சொனாட்டாக்களில், தாளில் எழுதியிருப்பது ஒலிக்கும் சுரமன்று. விரல் வைக்க வேண்டிய இடம் மட்டுமே. கலைஞர் ஒரு சுரத்தைக் கண்ணால் காண்கிறார். அவர் காதில் விழுவதோ வேறொன்று. பல ஆண்டுப் பயிற்சியால் கைவந்த உறுதி அங்கே உதவாது. எழுதியவரை நம்பி விரலை வைத்துவிட்டு, வருவதைக் கேட்க வேண்டும். தன் திறமையின் மீதுள்ள பிடியைத் தளர்த்தாமல் இதை எவரும் வாசிக்க இயலாது. எனவே, இது வெறும் விரல் வித்தையா என்னும் ஐயத்துக்கு இதுவே நம் மறுமொழி: இங்கே வித்தை உண்டு, மிகுதியாகவே உண்டு, ஆனால் அவ்வித்தை ஒவ்வொரு மறையுண்மையின் வாசலிலும் தன் பழக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டே உள்ளே செல்ல வேண்டியிருக்கிறது.

இதனால் பதினைந்தும் ஒரே தரத்தின என்று நாம் சொல்ல வரவில்லை. விண்ணேற்றத்துக்குரிய பன்னிரண்டாம் சொனாட்டாவில் வயலின் எக்காளமாகவும் கீழ்க்குரல் முரசாகவும் முழங்குகின்றன. கேட்க இன்பமே; ஆயினும் ஒலிவ மலையைவிடப் பேராயரின் அரண்மனை முற்றமே அதில் மிகுதியாகத் தெரிகிறது. பத்தாம் சொனாட்டாவின் இறுதியில் விரைந்தோடும் சுரங்களின் கொந்தளிப்பும் அத்தகையதே. காட்சியைப் பின்பற்றும் ஆர்வம் அங்கே தியானத்தை முந்திவிடுகிறது. அந்தச் சொனாட்டாவையே போர்க்களத்துக்குத் தூக்கிச் செல்ல முடிந்தது தற்செயலன்று என்று தோன்றுகிறது. காட்சியை நடித்துக் காட்டும் இசையை எந்தக் காட்சியும் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

பதினைந்து மறையுண்மைகளும் முடிந்தபின் ஏட்டில் பதினாறாவதாக ஒன்று உள்ளது. அதன் தலையில் ஒரு குழந்தையின் கையைப் பிடித்து நடத்திச் செல்லும் காவல் தூதரின் சித்திரம். இதுவரை உடன்வந்த கீழ்க்குரலும் இப்போது இல்லை. வயலின் தனித்து நிற்கிறது. சுருதி மீண்டும் இயல்பானதாகிவிட்டது. இறங்கிவரும் நான்கே சுரங்கள். அவை அறுபத்தைந்து முறை திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றின் மேலே மெட்டு ஓடுகிறது, தயங்குகிறது, வழி தவறியது போல் அலைகிறது. நான்கு சுரங்களோ கையை விடுவதில்லை. 1720ஆம் ஆண்டுக் கையெழுத்து ஏட்டில் பாக் விட்டுச் சென்ற தனி வயலினுக்கான சக்கோன் இதனினும் பெரிய கோபுரம்தான். ஆனால் இத்துணை எளிய கல்லால் கட்டப்பட்ட சிற்றாலயத்தை வயலின் இசையில் நாம் வேறெங்கும் கண்டதில்லை. இங்கே எந்த நிகழ்ச்சியும் வருணிக்கப்படவில்லை. திரும்பச் சொல்லுதல் ஒன்றே நிகழ்கிறது. அதுவே போதுமானதாகவும் இருக்கிறது. மாறாத சொல்லின் மேல் மனம் நடமாடுவதே செபமாலை என்றால், தொகுப்பிலேயே மிகச் செறிந்த செபமாலை, எந்த மறையுண்மைக்கும் உரித்தாகாத இந்தப் பதினாறாவது பகுதிதான்.

2002இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஒளியின் மறையுண்மைகள் ஐந்தை வழங்கியபின் நாம் இருபது மறையுண்மைகளைத் தியானிக்கிறோம். பீபரின் ஏடு பழைய பதினைந்தோடு நிற்கிறது, அதில் குறையொன்றுமில்லை. எடுவர்ட் மெல்குஸ் 1967இலும், ஆண்ட்ரூ மான்ஸ் 2004இலும், ரேச்சல் பாட்ஜர் 2015இலும் வெளியிட்ட ஒலிப்பதிவுகள் வழியாக இன்று எவரும் இதைக் கேட்கலாம். முழுவதும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஒலிக்கும். ஒரே அமர்வில் கேட்டு முடிப்பது, ஐம்பத்து மூன்று மணிகளையும் ஒரே மூச்சில் உருட்டி முடிப்பதற்கு ஒப்பாகும். நாளுக்கு ஒரு சொனாட்டா போதும். அன்றைய மறையுண்மையைத் தியானித்து முடித்தபின் கேட்பது இன்னும் நன்று.

சொல்லற்ற இசை தானாகவே செபமாகிவிடும் என்று நாம் கருதவில்லை; வியன்னாவின் அந்தப் போர்ச் சொனாட்டா அதற்குச் சான்று. சொல்லுள்ள செபமும் தானாகவே செபமாகிவிடுவதில்லை. அதற்கு நம் உதடுகளே சான்று. மறையுண்மை மாறும்போது நம் உள்ளத்தின் சுருதியும் மாறுகிறதா, அல்லது மகிழ்ச்சிக்கும் துயரத்துக்கும் மகிமைக்கும் ஒரே தந்தியைத்தான் மீட்டிக்கொண்டிருக்கிறோமா? ஒவ்வொரு மறையுண்மைக்கு முன்பும் நின்று, பிருடையைத் திருகி, பொறுமையாகச் சுருதி சேர்க்கும் அந்த வயலின் கலைஞர் நமக்கு ஆசிரியராகக்கூடும்.