கலாயோகியின் தொழிற்கொள்கை: ஒரு மதிப்பீடு

சப்பிரகமுவ மாகாணத்திலே, இரத்தினபுரிப் பிரதேசத்துப் பம்பரபொட்டுவையின் ஆற்றுப் பரல்களிடையே, கரிய நிறமும் மிக்க கனமும் வாய்ந்த சிறு கனசதுரப் படிகங்கள் சில கண்டெடுக்கப்பட்டன. 1904 ஆம் ஆண்டில் அவற்றை ஆராய்ந்தவர், அக்காலை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் இயக்குநராய் விளங்கிய ஆனந்த குமாரசுவாமி ஆவார். அவர் அவற்றை யுரேனினைற்று என்றே முதலிற் கருதினார். இலண்டனிற் பகுத்தாராய்ந்த டன்ஸ்ரன் என்பார் அது புதியதொரு கனிப்பொருள் எனத் தெளிந்து தோரியனைற்று எனப் பெயரிட்டனர். 1905 இல் ஓட்டோ ஹான் கதிர்த்தோரியத்தைக் கண்டறிந்ததும் இலங்கையினின்று சென்ற இக்கனிப்பொருளிலேயே ஆகும்.

இத்துணைச் சிறப்போடு தொடங்கிய விஞ்ஞானப் பணியைப் பிறர் எவரும் எளிதில் விட்டிரார். குமாரசுவாமியோ 1906 ஆம் ஆண்டோடு அப்பதவியினின்றும் நீங்கினார். கனிப்பொருள் தேடிச் சென்ற பயணங்களிலே அவர் கண்ட கொல்லரும் குயவரும் ஓவியரும் நெசவாளரும் அவர் உள்ளத்தைக் கவர்ந்துகொண்டனர். அதன் பயனே 1908 இல் வெளிவந்த ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் ஆங்கிலப் பெருநூல். வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கை அச்சுப் பொறியிலே, பதினைந்து மாத காலம் தாமே மேற்பார்வை செய்து, 425 பிரதிகள் மட்டும் அச்சிடுவித்தார். கைவினையைப் போற்றும் நூல் கைவினையாகவே வெளிவரல் வேண்டும் என்பது அவர் துணிபு போலும்.

இந்நூலிலும், 1909 இல் வெளியான ‘இந்தியக் கம்மியன்’ என்னும் நூலிலும், பிற்காலத்துக் கட்டுரைகளிலும் இழையோடும் தொழிற்கொள்கை ஒன்றே. தான் ஆக்கும் பொருளின் வடிவுக்கும் நன்மைக்கும் தானே பொறுப்பாகும்போதுதான் ஒருவன் தன் தொழிலில் நிறைவு காண்கிறான். எண்ணிக்கைக்கும் அளவுக்கும் மட்டுமே பொறுப்பாளியாக்கப்பட்டவன், கூலி எத்துணை உயரினும், கருவியே ஆகிறான். பயன் வேறு அழகு வேறு எனவும், உழைப்பு வேறு இன்பம் வேறு எனவும் பிரித்தமையே இக்கால நாகரிகத்தின் நோய் என்பது அவர் கண்ட முடிபு. கீதை கூறும் சுவதருமத்தை ஆலயச் சொற்பொழிவினின்றும் பட்டறைக்குக் கொண்டுவந்த பெருமை அவருக்கே உரியது.

எனினும், அவர் காட்டும் சான்றுகளும் அவர் கொள்ளும் முடிபும் எங்கும் ஒத்துச் செல்கின்றன எனல் இயலாது. கம்மியன் அமைதியுற்று வாழ்ந்தமைக்குக் காரணம் தந்தையின் தொழிலை மகன் மேற்கொள்ளும் பரம்பரை முறையே என அவர் பெரிதும் வற்புறுத்துகிறார். ஆனால் அவரது நூலே வேறொரு காரணத்தையும் விரிவாக எடுத்துரைக்கிறது. கண்டி இராச்சியத்திலே கம்மியர்க்கு அவர்தம் சேவைக்கு ஈடாக நிலம் வழங்கப்பட்டிருந்தது. இரத்தினபுரிச் சமன் தேவாலயம் போன்ற கோயில்களின் பணியாளரும் அவ்வாறே நிலம் பெற்றவர். உணவுக்கு வயலும் உறைவதற்கு மனையும் உடையவன், விற்பனையை எண்ணி ஏங்காது, ஒரு பேழையின் செதுக்கு வேலையிலே மாதக்கணக்கிற் கருத்தூன்றலாம். ஆயின், அவனுக்கு அமைதி தந்தது பிறப்பா, நிலமா?

இவ்வினாவுக்கு விடை அவர் நடந்து திரிந்த அதே மலைச்சாரல்களிலே கிடந்தது. அவ்வாண்டுகளில் இரத்தினபுரி, கேகாலைப் பகுதிகளிலே தேயிலை வேரூன்றியிருந்தது. இறப்பர் விரைந்து பரவத் தொடங்கியிருந்தது. கங்காணிமாரால் அழைத்துவரப்பட்ட தமிழ் மக்கள் அங்கே லயங்களில் வாழ்ந்தனர். அவர்தம் தொழிலும் பரம்பரைத் தொழிலாகவே அமைந்தது: கொழுந்து பறித்தவளின் மகள் கொழுந்து பறித்தாள்; பால் வெட்டியவனின் மகன் பால் வெட்டினான். கைத்திறனுக்கும் அங்கே குறைவில்லை. முற்றிய இலையை விலக்கி இளங்கொழுந்தை விரலாலேயே அறிதலும், உள்மரம் புண்படாது பட்டையைச் சீவுதலும் பழகித் தேர்ந்த வித்தைகளே. ஆயினும் நிறுவையிலே றாத்தல் குறைந்தால் அன்றைக்கு ‘அரைப்பேர்’தான். நிலமோ தலைமுறை பல கழிந்தும் அவர்க்குச் சொந்தமாகவில்லை. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் அவருட் பெரும்பாலோர்க்குக் குடியுரிமைதானும் இல்லாது போயிற்று. பரம்பரை இருந்தது, திறமையும் இருந்தது, நிறைவு மட்டும் வாய்க்கவில்லை. ஆகவே, பரம்பரையைத் தனித்தெடுத்துப் போற்றுதல் பொருந்தாது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை. இம்மக்களைத் தம் நூலிற் கூறவில்லை என்று குமாரசுவாமியைக் குறைகூறல் முறையன்று; நூலின் எல்லை வேறு. கொள்கையின் எல்லையே இங்கு ஆராயப்படுவது.

மாணிக்கக் குழியும் ஒரு சான்று பகர்கிறது. குழியில் இறங்கி இல்லம் அள்ளிக் கூடையிலிட்டுக் கழுவுவோன் எப்பொருளுக்கும் வடிவு கொடுப்பவனல்லன். குமாரசுவாமியின் இலக்கணப்படி அவன் கலைஞனாகான். ஆனால் கிடைக்கும் கல்லின் விலையிலே நிலவுரிமையாளனோடும் முதலிட்டவனோடும் அவனுக்கும் பங்குண்டு. அந்தப் பங்கே அவனைக் கழுத்தளவு நீரிலும் ஊக்கத்தோடு நிற்கச் செய்கிறது. (அது சூதாட்டத்தின் ஊக்கமும் ஆகலாம், அது வேறு விடயம்.) வடிவுக்குப் பொறுப்பு என்பதோடு விளைவிற் பங்கு என்பதையும் சேர்த்தாலன்றி அக்கொள்கை நிறைவுறாது.

திருவள்ளுவர் ‘தெரிந்து வினையாடல்’ என்னும் அதிகாரத்திலே ஒருவனைத் தொழிலுக்குரியவனாகத் துணியும்போது ஆற்றலையும் அறிவையும் அன்பையும் நோக்குகின்றாரேயன்றிக் குடிப்பிறப்பை அங்கே அளவுகோலாக்கவில்லை. தமிழ்த் தந்தைக்குப் பிறந்த குமாரசுவாமி வடமொழி நூல்களில் ஆழ்ந்த அளவு இவ்வதிகாரத்தில் ஆழ்ந்திருப்பின், அவரது சுவதருமக் கொள்கை சிறிது வேறுபட்டிருக்கவுங் கூடும்.

அவர் வாழ்க்கையே அவர் கொள்கைக்குச் சிறந்த மறுப்பு. தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி வழக்கறிஞர், சட்டசபை உறுப்பினர். மகனோ தந்தையின் வழியிற் செல்லாது புவிச்சரிதவியல் கற்றார். பின் அதனையும் விடுத்துக் கலையாராய்ச்சியை மேற்கொண்டார். முப்பதாவது வயதை அணுகித் தமக்குரிய பணியைத் தாமே தேடிக் கண்டவர் அவர். ஆயினும் முன்னைய கல்வி வீணாயிற்று எனல் தவறு. படிகங்களை வகுத்து, அளந்து, பெயரிட்டு, கிடைத்த இடத்தைக் குறித்துவைக்கும் புவிச்சரிதவியலாளனின் பழக்கமே அப்பெருநூலின் ஒவ்வோர் அதிகாரத்திலும் புலப்படுகின்றது. பூட்டு, பாக்குவெட்டி, பாய், பானை என வரிசைப்படுத்தும் அப்பொறுமை இலக்கியக் கல்வி மட்டும் பெற்ற ஒருவர்க்கு வாய்த்திராது. பாடநெறி தவறித் தெரிந்தெடுத்துவிட்டோமென மனமுடையும் மாணாக்கர் அந்நூலை இந்நோக்கோடு புரட்டிப் பார்க்கலாம்.

1917 தொடக்கம் முப்பதாண்டுகள் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையில் அவர் பணியாற்றினார். பயன்பாட்டுக்கென ஆக்கப்பட்ட பொருள்களைக் கண்ணாடிப் பேழைக்குள் அடைத்துக் காட்டுவது எதற்கு என அந்நூதனசாலையில் இருந்துகொண்டே வினவினார். 1943 இல் வெளியான அவரது கட்டுரைத் தொகுதியின் தலைப்பே அவ்வினாதான். 1947 ஓகத்தில், எழுபதாவது பிறந்தநாள் விருந்திலே, பணியினின்றும் நீங்கி இந்தியா சென்று தவ வாழ்வை மேற்கொள்ளப் போவதாக அறிவித்தார். அவ்வாண்டு செப்டெம்பர் 9 ஆந் திகதி, புறப்படுமுன்னரே, அமெரிக்காவிற் காலமானார்.