அட்டாரி 2600 ஆட்டங்களும் அவற்றின் திறனாய்வும்

அட்டாரி 2600 என்பது 1977 செப்டம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த நிகழ்பட ஆட்டக் கருவி ஆகும். வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து, கார்ட்ரிட்ஜ் எனப்படும் பேழையைச் செருகி, ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து விளையாட வேண்டும். 1982 வரை இதன் பெயர் வீடியோ கம்ப்யூட்டர் சிஸ்டம். வீட்டு வீடியோ கேம்களைப் பற்றிய பத்திரிகை விமர்சனம் என்பது பெருமளவு இந்தக் கருவியோடு சேர்ந்தே வளர்ந்தது. ஒரு புது ஆட்டத்தை எதனோடு ஒப்பிட்டு நல்லது, கெட்டது என்று சொல்வது என்பதுதான் அந்த விமர்சனத்தின் முதல் சிக்கல்.

விமர்சனத்தின் தொடக்கம்

1979-இல் 'வீடியோ' என்ற அமெரிக்க இதழில் 'ஆர்கேட் ஆலி' என்ற பத்தி தொடங்கியது. இதை எழுதியவர்கள் பில் குங்கெலும் ஆர்னி காட்ஸும். இவர்கள் ஜாய்ஸ் வோர்லியுடன் சேர்ந்து 1981-இல் 'எலக்ட்ரானிக் கேம்ஸ்' என்ற தனி இதழையே தொடங்கினர். அதே ஆண்டு நவம்பரில் இங்கிலாந்தில் 'கம்ப்யூட்டர் அண்ட் வீடியோ கேம்ஸ்' வெளிவந்தது.

நூல் விமர்சனம் எழுதுபவருக்கு ஆசிரியர் பெயர் தெரியும். திரைப்பட விமர்சகருக்கு இயக்குநர் யாரென்று தெரியும். ஆனால் அட்டாரி நிறுவனம் தன் நிரலாளர்களின் பெயரைப் பேழையின் மேல் அச்சிடவில்லை. ஓர் ஆட்டம் நன்றாக இருந்தால் அதே ஆளின் அடுத்த ஆட்டம் எது என்று விமர்சகரால் தேடிப் பார்க்க முடியாது. இந்த மனக்குறையோடு வெளியேறிய நால்வர் பங்கேற்று 1979-இல் தொடங்கிய ஆக்டிவிஷன் நிறுவனம் கையேட்டில் ஆக்கியவரின் பெயரை வெளியிட்டது. 'பிட்ஃபால்' ஆட்டத்தை டேவிட் கிரேன் செய்தார் என்று அன்றைய வாசகனுக்கே தெரிந்திருந்தது அதனால்தான்.

வேறு வழி தேடியவர் வாரன் ராபினெட். 1980-இல் வந்த அவருடைய 'அட்வெஞ்சர்' ஆட்டத்தில், கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிறு புள்ளியை எடுத்துச் சென்றால் மறைவான அறை ஒன்று திறக்கும். அங்கே அவர் பெயர் எழுதியிருக்கும். சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த ஒரு சிறுவன் அதைக் கண்டுபிடித்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிய பிறகுதான் மேலிடத்துக்கே விஷயம் தெரிந்தது. பெயரை நீக்குவதற்குப் புதிய பேழை செய்யும் செலவு அதிகம் என்பதால் அப்படியே விட்டுவிட்டார்கள்.

படத்தை மட்டும் பார்த்தால் 'அட்வெஞ்சர்' எளிதில் தள்ளிவிடக்கூடிய ஆட்டம். கதாநாயகன் ஒரு சதுரம். அவனை விழுங்க வரும் டிராகன் வாத்து போல இருக்கும். ஆனால் திரைக்கு அப்பாலும் ஓர் உலகம் இருக்கிறது என்ற உணர்வை அது தந்தது. ஒரு வௌவால், ஆடுபவர் காணாத இடத்திலும் பொருள்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தது. கையிலிருந்த வாளை அது பறித்துக்கொண்டு போகும்போது வரும் எரிச்சல் உண்மையான எரிச்சல்.

எதை அளவுகோலாகக் கொள்வது

அன்றைய விமர்சகர்கள் பெரும்பாலும் ஆர்கேட்டை, அதாவது காசு போட்டு ஆடும் கடை இயந்திரத்தை, அளவுகோலாகக் கொண்டனர். இது இயல்பானது. ஆனால் கடை இயந்திரம் ஒரே ஆட்டத்துக்காகச் செய்யப்பட்டது. அட்டாரி 2600-இன் தற்காலிக நினைவகம் 128 பைட் மட்டுமே. இந்தப் பத்தியின் எழுத்துகளே அதில் அடங்காது. நகரும் உருவங்களாக இரண்டு ஆட்டக்காரர், இரண்டு ஏவுகணை, ஒரு பந்து ஆகியவற்றை மட்டுமே அதன் சில்லு தானாக வரையும். திரை முழுவதையும் நினைவகத்தில் வைத்திருக்க இடமில்லாததால், தொலைக்காட்சியின் கதிர் ஒவ்வொரு வரியாக இறங்கும்போதே நிரல் அந்தந்த வரியைக் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும்.

டாட் ஃபிரை நிரலெழுதி 1982 மார்ச்சில் வந்த 'பாக்-மேன்' இந்தத் தடையில்தான் இடறியது. நான்கு பேய்களுக்கும் ஒரே உருவத்தை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதால் அவை ஓயாமல் மினுங்கின. கடை ஆட்டத்தின் கருப்புப் பின்னணி நீலமாயிற்று. புள்ளிகள் சிறு கோடுகளாயின. எழுபது லட்சத்துக்கும் மேல் விற்ற இந்த ஆட்டத்தை விமர்சகர்கள் கடுமையாகச் சாடினர்.

சாடியது சரியா? கருவியின் எல்லையை அறியாமல் பேசினார்கள் என்று பிற்காலத்தில் பலர் ஃபிரைக்குப் பரிந்து எழுதியுள்ளனர். அந்தப் பரிவு பாதிதான் நியாயம். 1983-இல் அதே கருவிக்கு வந்த 'மிஸ் பாக்-மேன்', 4 கிலோபைட்டுக்குப் பதில் 8 கிலோபைட் பேழையில், மூல ஆட்டத்துக்கு வெகு அருகில் வந்தது. ஆகவே குறை கருவியினுடையது மட்டுமல்ல. பேழைக்குச் செலவு செய்யத் தயங்கிய முடிவும் அதில் உண்டு. விமர்சனம் அந்த முடிவை எடுத்தவர்களை நோக்கிப் போகவில்லை, படத்தோடு நின்றுவிட்டது.

ஈ.டி.

'உலகின் மிக மோசமான வீடியோ கேம்' என்ற பட்டம் பெற்றது 1982 டிசம்பரில் வந்த 'ஈ.டி.'. ஆக்கியவர் ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா. அதற்கு முன் 'யார்ஸ் ரிவெஞ்ச்' மூலம் பாராட்டுப் பெற்றவர். ஸ்பீல்பெர்க்கின் படத்துக்கான உரிமம் ஜூலை இறுதியில்தான் முடிவானது. கிறிஸ்துமஸ் விற்பனைக்குப் பேழைகள் தயாராக வேண்டுமென்றால் செப்டம்பர் 1-க்குள் நிரல் முடிய வேண்டும். பல மாதங்கள் பிடிக்கும் வேலைக்கு அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஐந்து வாரம்.

ஆட்டத்தின் திட்டம் எளியதல்ல. குழிகளில் கிடக்கும் தொலைபேசியின் மூன்று துண்டுகளைத் தேடிச் சேர்த்து, குறித்த இடத்தில் நின்று வீட்டுக்கு அழைத்து, நேரம் முடிவதற்குள் காட்டில் விண்கலத்தை அடைய வேண்டும். தொடக்கத்தில் 9999 ஆக இருக்கும் ஆற்றல் ஒவ்வொரு அடிக்கும் குறையும். ஓர் அதிகாரி துண்டுகளைப் பறிப்பார், ஓர் அறிவியலாளர் ஈ.டி.யையே தூக்கிச் செல்வார். சுட்டுத் தள்ளுவதே ஆட்டம் என்றிருந்த நாளில், யாரையும் சுடாமல், தனியாக மாட்டிக்கொண்ட ஒருவன் வீடு திரும்பும் கதையை ஆட்டமாக்க முயன்றது சிறு காரியமல்ல.

குறை குழியில் இருக்கிறது. ஈ.டி.யின் உருவத்தில் எந்தப் பகுதி குழியின் ஓரத்தில் பட்டாலும் ஆட்டம் அதை விழுந்ததாகவே எடுத்துக்கொள்ளும். கால் தரையில் இருக்கும், தலை குழிமேல் தெரியும், அடுத்த நொடி உள்ளே கிடப்பான். கழுத்தை நீட்டி மிதந்து மேலே வந்தால், வந்த ஓரத்திலேயே மீண்டும் விழக்கூடும். கண்ணால் கண்டதற்கும் நடந்ததற்கும் பொருத்தமில்லை என்றால் ஆடும் குழந்தை தன்மேல் குறை காணாது, ஆட்டத்தை ஒதுக்கிவிடும். பிற்காலத்தில் ஆர்வலர் ஒருவர் சில பைட்டுகளை மாற்றிக் காலடி பட்டால் மட்டும் விழும்படி திருத்தினார். அவ்வளவில் ஆட்டம் வேறாகிவிடுகிறது.

மூன்று மணி நேரத் தேர்வை அரை மணியில் எழுதச் சொன்னால் விடைத்தாள் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது 'ஈ.டி.'. திருத்துபவர் தாளுக்குத்தான் மதிப்பெண் போட முடியும், நேரம் குறைத்தவருக்குப் போட முடியாது. ஆனால் இந்த வகுப்பில் இவனைவிட மக்கு இல்லை என்று தாளின் ஓரத்தில் எழுதுவது திருத்தும் வேலையைச் சேர்ந்ததல்ல. 1990-களுக்குப் பின் வந்த 'மோசமான ஆட்டங்கள்' பட்டியல்கள் பலவும் அதைத்தான் செய்தன. கையேட்டைப் படித்து ஆடிப் பார்த்து எழுதியவற்றைவிட, முந்தைய பட்டியலைப் பார்த்து எழுதியவை அதிகம் என்றே தோன்றுகிறது. கையேட்டைப் படிக்காமல் ஆடினால் திரையின் உச்சியில் தோன்றும் குறியீடுகள் புதிராகவே இருக்கும்.

இன்னொரு கூற்றும் அடிக்கடி சொல்லப்படுகிறது. 1983-இல் அமெரிக்க வீடியோ கேம் தொழில் சரிந்ததற்கு இந்த ஆட்டமே காரணம் என்பது. அட்டாரியின் தாய் நிறுவனமான வார்னர், எதிர்பார்த்த 50 விழுக்காடு வளர்ச்சி வராது, 10 முதல் 15 விழுக்காடுதான் என்று 1982 டிசம்பர் தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டது. அந்த நேரத்தில் 'ஈ.டி.' கடைக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தது. தேவைக்கு மேல் தயாரித்த பேழைகளும், புற்றீசல் போல முளைத்த நிறுவனங்களின் அரைகுறை ஆட்டங்களும் ஏற்கெனவே கடைகளில் தேங்கியிருந்தன.

விமர்சனமும் அந்தக் கிறிஸ்துமஸில் யாருக்கும் உதவவில்லை. மாத இதழ் அச்சுக்குப் போவதற்கும் கடைக்கு வருவதற்கும் இடையே நாள் கடந்துவிடும். டிசம்பரில் வந்த ஆட்டத்தைப் பற்றிய கருத்து மறு ஆண்டில்தான் வாசகரை எட்டியது. பெற்றோர் அட்டைப்பெட்டியின் மேலிருந்த அழகிய ஓவியத்தை நம்பி வாங்கினர்.

1983 செப்டம்பரில் விற்காத பேழைகள் நியூ மெக்சிகோ மாநிலம் அலமகோர்டோவின் குப்பைக் கிடங்கில் புதைக்கப்பட்டன. 2014 ஏப்ரல் 26 அன்று அந்த இடத்தைத் தோண்டி ஏறத்தாழ 1,300 பேழைகளை எடுத்தனர். அப்போது சிலிக்கான் பள்ளத்தாக்கில் மனநல ஆலோசகராகப் பணியாற்றி வந்த வார்ஷாவும் அங்கே நின்று பார்த்தார். வெளிவந்தவற்றில் 'ஈ.டி.' ஒரு பகுதிதான். விமர்சகர்கள் பாராட்டிய 'சென்டிபீட்', 'மிசைல் கமாண்ட்' ஆகியவையும் அதே குழியில் கிடந்தன.