சிலிக்கனும் சிலிக்கோனும்

ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சென்றால் பெங்களூரு. அந்நகரை ‘இந்தியாவின் சிலிகான் பள்ளத்தாக்கு’ என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. ஓசூர்ப் பட்டறைகளில் எஞ்சின் மூடியின் இடுக்கை அடைக்கும் பசைக்கும் ‘சிலிகான்’ என்றே பெயர். இரண்டும் ஒரே பொருளா? அல்ல. நம் அறிவியல் தமிழில் களையப்பட வேண்டிய குழப்பம் இது.

முதலாவது, அணு எண் 14 கொண்ட தனிமம். 1414 டிகிரி செல்சியசில் உருகும். குறைகடத்தியாதலால் டிரான்சிஸ்டரிலும் சூரிய மின்கலத்திலும் பயன்படுகிறது. கிருஷ்ணகிரிக் கருங்கல்லில் ஆக்சிஜனுடன் இணைந்து கிடப்பதும் இதுவே.

இரண்டாவது, சிலிக்கன் அணுவும் ஆக்சிஜன் அணுவும் மாறிமாறிக் கோத்த நீண்ட சங்கிலி. பெரும்பாலும் ஒவ்வொரு சிலிக்கன் அணுவிலும் இரண்டு மெத்தில் தொகுதிகள் இணைந்திருக்கும். சிலிக்கன்–ஆக்சிஜன் பிணைப்பு, கார்பன்–கார்பன் பிணைப்பைவிட வலிமையானது. எனவே இதன் ரப்பர் 200 டிகிரி வெப்பத்தையும் தாங்கும். மெத்தில் தொகுதிகள் வெளிப்புறம் அமைவதால் நீர் ஒட்டாது. மின்சாரமும் பாயாது. குறைகடத்தி எங்கே, மின்காப்புப் பொருள் எங்கே!

இங்கிலாந்தின் நாட்டிங்காமில் ஆராய்ந்த கிப்பிங், இச்சேர்மங்கள் கீட்டோனை ஒத்தவை எனக் கருதி ‘சிலிக்கோன்’ எனப் பெயரிட்டார். கீட்டோனிலுள்ள இரட்டைப் பிணைப்பு இவற்றில் இல்லை எனப் பின்னர்த் தெளிவாயிற்று. பெயர்க் காரணம் பிழையே. ஆயினும் ‘ஓன்’ என்ற ஈறு, தனிமத்தையும் சேர்மத்தையும் பிரித்துக் காட்டியது. தமிழில் அதையும் நாம் அழித்துவிட்டோம். 1940இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் ரோக்கோ, தாமிரத்தை வினையூக்கியாகக் கொண்டு சிலிக்கனையும் மெத்தில் குளோரைடையும் வினைபுரியச் செய்தார். சிலிக்கோன் பெருமளவில் உற்பத்தியாக வழி பிறந்தது. முன்னது மூலப்பொருள், பின்னது அதன் விளைபொருள்.

பெயர் மயங்கினால் என்ன கேடு என்று நீங்கள் கேட்கலாம். வாகனங்களுக்கு வண்ணம் பூசும் பிரிவில் சிறிதளவு சிலிக்கோன் படிந்தாலும் போதும். வண்ணம் அவ்விடத்தில் பரவாமல் சிறு குழிகளாக விலகிவிடும். ஆகவே அது கலந்த மெழுகையும் கைப்பூச்சையும் அங்கே விலக்குகின்றனர். வினிகர் நெடியடிக்கும் சிலிக்கோன் பசை, இறுகும்போது அசெட்டிக் அமிலத்தை வெளிவிடும். மின்சுற்றின் தாமிரத்தை அது அரிக்கும். ‘சிலிகான் கூடாது’ என்ற எச்சரிக்கையைப் படிக்கும் தொழிலாளி எதனை விலக்குவார்? தேர்வெழுதும் மாணவர் எதன் பண்பை எழுதுவார்?

தனிமத்திற்குச் சிலிக்கன், சேர்மத்திற்குச் சிலிக்கோன் என வரையறுத்து எழுதுவோம். ஓரெழுத்து வேறுபாடுதான், ஆனால் அதனைக் காப்பது ஆசிரியர், மாணவர், இதழாளர் அனைவரின் கடமையாகும்.